மூன்றாம் நிரல்

வென்றவரின் முகத்தை அக்கா பார்த்து நான் கண்டதேயில்லை. அமெரிக்காவில் வருடத்துக்கு ஒருமுறை கொடுப்பார்களே, அந்தப் பெரிய சினிமா விருது, அதில் பெயர் வாசிக்கப் போகும் நேரம் திரையை ஐந்து கட்டமாகப் பிரித்து ஐந்து முகங்களைக் காட்டுவார்கள். பெயர் வாசித்ததும் உலகம் முழுக்க எழும்பி ஓடுகிற அந்த ஒருத்தியைப் பார்க்கும். அக்கா மற்ற நாலு கட்டத்தையும் பார்ப்பார்.

"வெண்டவள் அழுகிறது ஒரு வேலையே? அது தானா வரும். தோத்தவள் சிரிக்கிறாள் பார், அதுதானடி நடிப்பு. அதுக்கு ஒரு விருதுமில்லை. என்ன அநியாயம் இது."

ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நானும் அவரும் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். சொந்தமில்லை. என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர் என்பதால் அக்கா. ஒஸ்லோவின் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவில் நாலாம் மாடியில் இருந்தார். குட்டையான ஆள், ஆனால் நடை ஓட்டம் மாதிரி. கிட்ட உள்ளதைப் பார்க்கவென்று எடுத்த கண்ணாடி நாள் முழுக்க மூக்கு நுனியில் தொங்கும். பெட்டியில் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தை வாசிக்கத்தான் அது. எங்களைப் பார்ப்பதானால் கண்ணாடிக்கு மேலால்தான் பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போது நாம் ஏதோ களவு செய்துவிட்ட மாதிரி இருக்கும்.

சினிமா விசர் என்றால் அப்படியொரு விசர். ஹவுகன்ஸ்டுவாவில் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய், வெளியாகிற படம் ஒன்று விடாமல் பார்ப்பார். மொழி ஒரு பொருட்டில்லை. ஐஸ்லாந்துப் படத்தை அடியில் ஓடும் டேனிஷ் எழுத்தோடு பார்த்துவிட்டு வந்து, மீன் உருண்டை பிடித்தபடி எனக்கு முழுக் கதையும் யாழ்ப்பாணத் தமிழில் சொல்வார். பல நாள் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு நான் போய்ப் படத்தைப் பார்த்தால் படம் சப்பென்று இருக்கும். அக்கா சொன்ன கதைதான் நல்லாக இருந்திருக்கும்.

பெப்ரவரி பிறந்தால் ஆளைப் பிடிக்க ஏலாது. எங்கள் குளிரறைக் கதவில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. மேல் பாதியில் அந்த வாரச் சாப்பாடு எழுதியிருக்கும். கீழ்ப் பாதியை அக்கா பிடித்துக்கொள்வார். மூன்று நிரல் கீறுவார். முதலாவது, வெல்லுறது. இரண்டாவது, வெல்ல வேண்டியது. இந்த இரண்டும் சினிமாப் பைத்தியங்கள் எல்லாரும் போடுவதுதான். மூன்றாவதுதான் அக்காவின் சொந்தச் சரக்கு. கை தட்டுற முகம். அதாவது, தோற்றபிறகு மிக அழகாகக் கை தட்டப் போகிறவர் யார்.

முதல் இரண்டு நிரலுக்கும் அக்காவிடம் சூத்திரங்கள் இருந்தன. "ஆள் மெலிஞ்சு நடிச்சால் குடுப்பினம். கொழுத்து நடிச்சாலும் குடுப்பினம். இருந்தபடி நடிச்சால் ஒண்டும் கிடையாது." "வயசான மனுசன் கடலைப் பாத்துக்கொண்டு கதையாமல் நிண்டால் படம்பிடிச்சவனுக்கு நிச்சயம்." "மூண்டு மணித்தியாலத்துக்கு மேலை போனால் ஆருக்காவது என்னவாவது குடுத்துத்தான் ஆகோணும். பாவங்கள், கஷ்டப்பட்டு எடுத்திருக்குதுகள்." இந்தச் சூத்திரமெல்லாம் பாதிக்குப் பாதி பிழையாகும். அக்கா அசையமாட்டார். மூன்றாம் நிரல் பிழையானால் மட்டும் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடமாட்டார்.

கை தட்டுவதற்கு இவ்வளவு சட்டமிருக்கிறது என்று எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். விரல் நுனியால் தட்டினால் அது பொறாமை. உள்ளங்கை முழுக்கப் படவேண்டும். பெயர் வாசித்து அரை மூச்சுக்குள் தொடங்கவேண்டும். ஒரு மூச்சுப் பிந்தினால் அதற்குள் மனம் கணக்குப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் புருஷனைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. "அவனைப் பாத்தாய் எண்டால் முடிஞ்சுது. அவன்ரை மூஞ்சையிலை பரிதாபம் இருக்கும். அது உனக்கும் தொத்திப் போடும்." எல்லாவற்றுக்கும் மேலே கண். பல்லு சிரிக்கிறது பல்லுக்காரன் வேலை, கண் சிரிக்கவேண்டும் என்பார்.

விருது கொடுப்பது எங்களுக்குத் திங்கள் விடியப்புறம். அக்கா முழிக்கமாட்டார். காலை ஆறரைக்கு வேலை, நித்திரை வேண்டும். ஆனால் ஒரு கட்டளை இருந்தது. ஒன்பது மணிக் கோப்பி நேரத்தில் லிவ்வின் ஐபேடில் எல்லாரும் சேர்ந்து பார்க்கும்வரை ஒருத்தரும் முடிவு சொல்லக்கூடாது. லிவ் எங்களோடு வேலை செய்த நோர்வேக்காரி. நெட்டை, வாயாடி. அவளே அந்தத் திங்கட்கிழமைகளில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்வாள். கைத்தொலைபேசிகள் எல்லாம் ரொட்டிப் பாண் பெட்டிக்குள் கிடக்கும்.

ஒருமுறை இல்லத்தில் இருந்த கிழவர் ஒருவர், முந்தி ட்ராம் ஓட்டியவர், ஏழேகாலுக்குச் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு சாப்பாட்டு ஜன்னலடிக்கு வந்து, வானொலியில் கேட்டதாகச் சிறந்த படத்தின் பெயரை உரத்துச் சொல்லிவிட்டார். பாவம், அக்காவுக்குச் சந்தோசமான செய்தி கொண்டுவந்ததாக அவர் நினைப்பு. அக்கா கஞ்சிக் கரண்டியோடு இரண்டு காதையும் பொத்தினார். கரண்டியிலிருந்த ஓட்ஸ் கஞ்சி முழுக்கத் தோளில். அந்தக் கிழமை முழுக்கக் கிழவரின் கஞ்சிக்குக் கறுவாப்பட்டைத் தூள் விழவில்லை. அடுத்த திங்கள் அவர் வந்து, தான் சொன்னது பொய் என்றும் வேறு படம்தான் வென்றது என்றும் சத்தியம் செய்து மன்னிப்புக் கேட்டார். அக்கா சிரித்து, இரண்டு கரண்டி கறுவாத்தூள் போட்டுக் கொடுத்தார்.

கப் கதையையும் சொல்லவேண்டும். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஒரு பிள்ளையும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக்கூடாது. சாக்கு ஓட்டத்தில் விழுந்து, அழுது, அம்மாவின் மடியில் இருந்தபடி எல்லைக்கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கும் ஆறுதல் பரிசு உண்டு. ஒரு வருடம் அக்காதான் பரிசுப் பொறுப்பு. பிள்ளைகளைவிடக் கப் கூடிவிட்டது. பொன்னிறப் பிளாஸ்டிக் கப், இரண்டு காது வைத்தது, ஒரு பெட்டி நிறைய. அது அக்காவின் வீட்டு நிலவறைக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒரு கப் சமையலறைச் சுவர்த்தட்டுக்கு வரும். அந்த வருடம் மிக அழகாகத் தோற்ற நடிகையின் படத்தைச் சஞ்சிகையில் வெட்டி அதில் ஒட்டி, "ஆறுதல் பரிசு" என்று எழுதிவைப்பார். உணவுச் சுகாதாரம் பார்க்க வந்த அதிகாரி ஒருநாள் அந்தக் கப்புகளைப் பார்த்து, இவர்கள் எல்லாம் இங்கே வேலை செய்தவர்களா என்று கேட்டார். ஓம், மிகவும் நல்ல வேலைக்காரர்கள் என்றாள் லிவ்.

இதெல்லாம் விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் சமையலறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி வந்த அன்றைக்குத்தான் எனக்கு வேறு ஒரு கணக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பதவிக்கு அக்கா முன்பு இரண்டு தரம் விண்ணப்பித்திருந்தார். இரண்டு தரமும் வெளியிலிருந்து ஆள் வந்தது. இரண்டு தரமும் வந்த ஆளுக்கு முதல் கை தட்டியது அக்கா. அதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளங்கை முழுக்க, அரை மூச்சுக்குள், கண்ணும் சிரிக்க.

இந்த முறை எனக்கும் ஆசை வந்தது. ஏன் பொய் சொல்ல. சனி ஞாயிறு வீட்டில் இருக்கலாம். யாரோ போட்ட சாப்பாட்டுப் பட்டியலுக்குச் சமைத்துச் சமைத்து எனக்கு அலுத்திருந்தது. இந்த முதியவர்களுக்கு நல்ல ருசியாக என்ன கொடுக்கலாம் என்று எழுதிவைத்த ஒரு குறிப்புக் கொப்பியே என் கைப்பைக்குள் இருந்தது. ஆனால் அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்பது. அந்தத் தலைவர் கதிரை இனிமேல் காலியாகும்போது அவர் இங்கே இருக்கமாட்டார். இரண்டு நாள் பொறுத்து, உருளைக்கிழங்கு உரிக்கும்போது கேட்டேன்.

"அக்கா, நானும் போடட்டே?"

கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "போடு. ஒரு ஆள் ஓடுற ஓட்டத்திலை முதலாவதா வந்தால் அது பரிசே?"

"உங்களுக்குக் கோபமில்லையே?"

"கோபம்தான். ஆனால் நீ போடாட்டில் இன்னும் கோபம் வரும். கிழங்கை உரி."

அதற்குப் பிறகு வந்த மூன்று கிழமையும் சரியில்லை. கதைத்தோம், சிரித்தோம், ஆனால் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டு விட்டு நடந்தோம். முந்தி நெஞ்சில் இடித்துக்கொண்டு போகிற அக்கா, "நீ போ பிள்ளை" என்று ஒதுங்கி நின்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் உடுப்பு மாற்றும் அறைக்குள் போனேன். அக்கா முகக்கண்ணாடிக்கு முன்னால் நின்று, சத்தம் வராமல் கை தட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடுவதற்கு ஒரு நூல் இருக்கும்போது நிறுத்தி, திரும்ப விரித்து, சிரித்துப் பார்த்து, தலையைக் கொஞ்சம் சரித்துப் பார்த்தார். நான் வந்த வழியே பின்னுக்கு நடந்து வெளியே போய்விட்டேன். படியில் குந்தியிருந்து அழுதேன். பிறகு அந்தச் சத்தமில்லாத கை தட்டல் ஞாபகம் வந்து, அழுதபடியே சிரிப்பும் வந்துவிட்டது.

முடிவு சொல்லும் கிழமை லிவ் அக்காவை விடவில்லை. "நடிகைகளுக்கு மட்டும்தானா? இதுக்கும் எழுது" என்று பேனையைக் கையில் கொடுத்தாள். அக்கா எழுதினார், தமிழில். வெல்லுறது: சாந்தி. அது நான். வெல்ல வேண்டியது: நான். அது அவர். லிவ்வுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "என்ன பாக்கிறாய், உள்ளதைத்தானே எழுதினனான்" என்றார். மூன்றாம் நிரலை வெறுமையாக விட்டார். அது அன்றைக்குத்தான் தெரியும் என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இல்லத்தின் மேலாளர் பூங்கொத்தோடு சமையலறைக்கு வந்தார். எப்போதும் அவசரத்தில் இருக்கும் பெண்மணி. எல்லாரும் பெரிய மேசையைச் சுற்றி நின்றோம். வாஃபிள் சுட்டு அடுக்கியிருந்தது. மேலாளர் கடதாசியை விரிக்கவும் அக்கா, "கிரீம் எடுக்க மறந்துபோனன்" என்று என் காதில் சொல்லிவிட்டுக் குளிரறைக்குள் போய்க் கதவை இழுத்துக்கொண்டார். கிரீம் மேசையில்தான் இருந்தது. மேலாளர் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்க்கவேயில்லை. இரண்டு வரி வாசித்தார். மூன்றாம் வரியில் அக்காவின் பெயர்.

எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. என் கை இரண்டும் ஏப்ரன் பைக்குள் இருந்தன. அரை மூச்சும் போனது, ஒரு மூச்சும் போனது. அக்காவுக்குத்தான் கிடைக்கவேண்டும் என்று மூன்று கிழமையாகக் கடவுளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். கிடைத்ததும், ஐயோ எனக்கில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. முகம் கீழே இழுத்துக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது. ஐந்து கட்டத்தில் ஒரு கட்டம் நான். உலகத்தில் ஒரு நடிகையும் அப்படி அசிங்கமாகத் தோற்றிருக்கமாட்டாள்.

அப்போதுதான் குளிரறைக் கதவு திறந்தது. அக்கா வாசலில் நின்றார், மூக்கு நுனியில் கண்ணாடி. குளிருக்குள் இருந்து அடுப்புச் சூட்டுக்கு வந்ததில் கண்ணாடி இரண்டும் வெள்ளையாகப் புகைந்துவிட்டன. ஒரு கணம் நின்றார். பிறகு கை தட்டத் தொடங்கினார். அம்மாடி, அந்தக் கை தட்டல். உள்ளங்கை முழுக்கப் பட்டு, பெரிய சிரிப்போடு, தட்டித் தட்டி மேசையைச் சுற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். மற்றவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார்கள். மேலாளர் பூங்கொத்தை அரைவாசி நீட்டியபடி நின்றார்.

"கிராத்துலேறெர், சாந்தி" என்று நோர்வே மொழியில் வாழ்த்திவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தார். குளிரறைக் குளிர் அவருடைய ஏப்ரனில் அப்படியே இருந்தது. "எனக்குத் தெரியும். உனக்குத்தான் வரும் எண்டு எழுதினனான்தானே. நல்லாச் செய்வாய். அந்தக் கொப்பியிலை இருக்கிறதெல்லாம் சமை."

கொப்பியைப் பற்றி நான் அவருக்குச் சொன்னதேயில்லை. வென்றவருக்குக் கிடைக்கிற கை தட்டல் முழுவதும் தோற்ற எனக்குக் கிடைத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அக்கா, நானில்லை. நீங்கள்."

"என்ன நான்?"

"உங்கடை பேர்தான் வாசிச்சவை. வேலை உங்களுக்கு."

அக்கா கண்ணாடியைக் கழற்றி, ஏப்ரன் நுனியால் துடைத்து, போட்டு, மேலால் என்னைப் பார்த்தார். நான் கை தட்டினேன். உள்ளங்கை முழுக்க. அந்த நேரம் என் கண் சிரித்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அதை மறைக்க ஒரு வழியும் இருக்கவில்லை. அக்கா பூங்கொத்தையும் வாங்காமல், மேலாளரையும் பாராமல், குளிரறைக் கதவுக்குப் போய் மூன்றாம் நிரலில் என் பெயரை எழுதி, பக்கத்தில் பத்துக்கு 10 என்று போட்டார். பிறகுதான் வந்து பால் பெட்டிக்கு மேல் பொத்தென்று இருந்தார்.

விருது வாங்குகிறவர்கள் மூன்று வசனத்துக்கு மேல் பேசினால் கப்பைப் பறிக்கவேண்டும் என்பது அக்காவின் பழைய கொள்கை. அன்றைக்கு அவர் அந்தப் பால் பெட்டியில் இருந்தபடி வாஃபிள் எல்லாம் ஆறிக் கடதாசியாகும்வரை பேசினார். லிவ்வுக்கு நன்றி, ட்ராம் கிழவருக்கு நன்றி, பாண் கொண்டுவரும் சாரதிக்கு நன்றி, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் நன்றி. மேலாளர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். லிவ் மேசையில் தாளம் போட்டுப் பார்த்தாள், விருது மேடையில் பாட்டுப் போட்டு ஆளை இறக்குவார்களே, அது மாதிரி. அக்கா இறங்கவில்லை.

திங்கட்கிழமை சுவர்த்தட்டில் ஒரு புதுக் கப் இருந்தது. என் வேலை அட்டைப் படத்தைப் பிரதி எடுத்து ஒட்டியிருந்தார். ஆறுதல் பரிசு.

மூன்று வருடம் அக்கா தலைவராக இருந்தார். சும்மா சொல்லக்கூடாது, என் கொப்பியில் இருந்ததில் பாதியை அவர்தான் பட்டியலில் ஏற்றினார். வெள்ளிக்கிழமை மீன் சூப்புக்குள் பெருஞ்சீரகம் போனது அப்படித்தான். பிறகு ஓய்வு எடுத்துக்கொண்டு ஸ்டவாங்கரில் மகனோடு போய் இருக்கிறார். அந்த வேலை எனக்கு வந்தது. வெள்ளைப் பலகையின் கீழ்ப் பாதியை இப்போதும் அக்காவுக்கென்றே காலியாக விட்டிருக்கிறேன். பெப்ரவரியில் அக்கா தொலைபேசியில் மூன்று நிரலையும் சொல்ல, நான் எழுதுவேன்.

இந்த வருடம் விருது நாள் முடிந்து கதைத்தபோது, ஏதோ ஒரு நடிகை கை தட்டப் பிந்திவிட்டாள் என்று அக்கா அவளைக் கிழித்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. இத்தனை வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பத்து எனக்குச் சரிவராது. உங்கடை பேர் வாசிக்கேக்கை நான் கை தட்டேல்லை. முகமும் சரியில்லை. நீங்கள் கண்ணாடி புகைஞ்சபடியாலை காணேல்லை."

"ஆர் சொன்னது காணேல்லை எண்டு?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உன்னை நான் எண்டைக்கடி கண்ணாடிக்குள்ளாலை பாத்தனான்? மேலாலை பாத்தனான். கதவைத் திறக்கேக்கையே கண்டிட்டன். எத்தினை வருசமாத் தோத்த முகத்தையே பாத்துக்கொண்டிருக்கிறன், எனக்குத் தெரியாதே?"

"அப்ப உங்களுக்குத்தான் கிடைச்சதெண்டு தெரியுமோ?"

"உன்ரை மூஞ்சையிலை எழுதியிருந்தது."

"தெரிஞ்சுகொண்டோ வந்து எனக்குத் தட்டினனீங்கள்?"

"பின்னை? அந்த மூஞ்சையை வைச்சுக்கொண்டு நீ நிக்க, நான் போய்ப் பூவை வாங்குறதே?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "பிறகேன் எனக்குப் பத்துப் போட்டனீங்கள்?"

"பிறகு முகத்தை மாத்தினாய்தானே. உள்ளுக்கிருந்து மாத்தினாய். அது லேசில்லை. அதுக்குத்தான் பத்து."

"அப்ப அண்டைக்கு நீங்கள் தட்டினது நடிப்போ?"

"தட்டினது நடிப்பில்லை" என்றார் அக்கா. பிறகு அவருக்குச் சிரிப்புப் பீறிட்டது. "என்ன நான் எண்டு கேட்டன் பார், ஒண்டும் தெரியாத மாதிரி, அதுதான் நடிப்பு. அதுக்கு இன்னும் ஒருத்தரும் எனக்கு ஒண்டும் தரேல்லை."

அடுத்த நாள் வேலை முடிந்ததும் பால் பெட்டியில் ஏறி, சுவர்த்தட்டில் இருந்த கப்புகளில் நல்லதாக ஒன்றை எடுத்து, ஒட்டியிருந்த நடிகையை உரித்துவிட்டு அக்காவின் படத்தை ஒட்டினேன். ஆறுதல் பரிசு என்ற எழுத்தைக் கோடு கீறி வெட்டி, முதற் பரிசு என்று எழுதினேன். பெட்டிக்குள் பஞ்சு வைத்து, ஸ்டவாங்கருக்குத் தபாலில் போட்டேன்.